சைபருக்கு என்ன அர்த்தம்?

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் ஒரு பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு வந்தான். "தாத்தா, இது செத்துப்போச்சு. வேற வாங்கணும்" என்றான்.

"செத்துப்போச்சுன்னு யார் சொன்னா?"

"கம்ப்யூட்டர்தான் சொல்லுது."

"கம்ப்யூட்டர் என்ன சொல்லுதோ அதை அப்படியே படி, பார்க்கலாம்."

படித்தான். செருகியிருக்கும் சாதனத்தை அடையாளம் தெரியவில்லை என்றுதான் திரையில் இருந்தது. செத்துப்போனதாக எங்கும் எழுதியில்லை. பென்டிரைவை எடுத்துப் பெட்டியின் பின்பக்கத்தில் இருந்த இன்னொரு துளையில் செருகச் சொன்னேன். உள்ளே இருந்த படங்கள் எல்லாம் வந்துவிட்டன. முன்பக்கத் துளையில் தூசி அடைந்திருந்தது, அவ்வளவுதான்.

பையன் விளையாடப் போய்விட்டான். எனக்குத்தான் அன்று முழுக்க மனசு ஒரு மாதிரி இருந்தது. அவன் செய்த அதே தப்பை நான் 2005-ல் செய்தேன். அவனுக்கு 11 வயசு, அவன் செய்யலாம். எனக்கு அப்போது 48. டிரைவர் எழுதுவதில் கெட்டிக்காரன் என்று பெயர் வேறு வாங்கியிருந்தேன்.

டிரைவர் என்றதும் லாரி ஞாபகம் வரும். நான் எழுதியது கம்ப்யூட்டருக்குள் ஓடும் டிரைவர். ஆனால் கிட்டத்தட்ட அதே வேலைதான், சொல்கிறேன்.

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி. பெயர் வேண்டாம். மின் நிலையங்களில் ஓடும் பெரிய மோட்டார், பம்பு இவற்றின் அதிர்வை அளந்து கம்ப்யூட்டரில் காட்டும் கருவி செய்துகொண்டிருந்தோம். அதிர்வை எண்ணாக மாற்ற ஒரு கார்டு. அதை கம்ப்யூட்டருக்குள் பிசிஐ ஸ்லாட்டில் செருக வேண்டும். கார்டு செய்வது ஹார்டுவேர் பிரிவு. அந்தக் கார்டோடு லினக்ஸ் பேசுவதற்கான டிரைவரை எழுதுவது என் பிரிவு.

ஹார்டுவேர் பிரிவில் எல்லோருக்கும் மூத்தவர் ஒருவர் இருந்தார். கோவில்பட்டிக்காரர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். படிப்பு ஐடிஐதான். ஆனால் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தால் கம்பெனியே வேடிக்கை பார்க்கும். அவருக்கு அப்போது 57 வயது. என்னைத் 'தம்பி' என்பார். மேலதிகாரிகள் கூடியிருக்கிற மீட்டிங்கில் மட்டும் 'சார்'.

அந்த வருடம் ஒரு மின் நிலையத்துக்கு ஆர்டர் வந்தது. பழைய கார்டில் இருந்த ஒரு சிப் கிடைக்காமல் போனதால், புது சிப் போட்டுக் கார்டையே புதிதாக வரைந்தார்கள். அதே சமயம் பழைய மதர்போர்டும் சந்தையில் இல்லை. புதுசு வாங்கினோம். புது மதர்போர்டில் பழைய லினக்ஸ் ஏறவில்லை. 2.4 கெர்னலை விட்டுவிட்டு 2.6 வரிசைக்கு மாறினோம். 2.4 வந்தது 2001-ல். 2.6 வந்தது 2003 டிசம்பரில். ஆக, ஒரே நேரத்தில் மூன்று மாற்றம்: கார்டு, மதர்போர்டு, கெர்னல். டிரைவர் மட்டும் என்னுடைய பழைய டிரைவர். புதுக் கெர்னலுக்காக அங்கங்கே தட்டிச் சரிசெய்திருந்தேன்.

முதல் கார்டைச் செருகி, டிரைவரை ஏற்றினேன். திரையில் ஒரு வரி வந்தது: "கார்டு காணப்படவில்லை."

இரண்டாவது கார்டு. அதே வரி. மூன்றாவதும் அப்படியே.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் உள்ளே ஒரு கணக்கெடுப்பு நடக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருகிற பள்ளி ஆசிரியர் வீடு வீடாகக் கதவைத் தட்டுவாரே, அதே மாதிரி. பிசிஐ முறையில் ஒரு தெருவில் 32 கதவு. இப்படி 256 தெரு வரை இருக்கலாம். ஒவ்வொரு கதவையும் தட்டி, "உன் கம்பெனி எண் என்ன, உன் எண் என்ன?" என்று கேட்கும். ஆள் இருந்தால் இரண்டு எண் சொல்லும். இன்டெல் கம்பெனிக்கு எண் 8086. 1978-ல் அவர்கள் வெளியிட்ட பிரபலமான சிப்பின் பெயரும் அதுதான். எங்கள் கார்டில் கம்ப்யூட்டரோடு கை குலுக்க வைத்திருந்த சிப் பிஎல்எக்ஸ் கம்பெனியுடையது. அதன் எண் 10பி5, 9054. ஆள் இல்லாத கதவைத் தட்டினால் எஃப்எஃப்எஃப்எஃப் என்று வரும். அதாவது எல்லா பிட்டும் ஒன்று. பாருங்கள், ஆள் இல்லை என்பதற்கு அங்கே அடையாளம் சைபர் அல்ல. இது பிறகு தேவைப்படும்.

இனி டிரைவர். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு டாக்ஸி டிரைவர் நிற்பார் இல்லையா? அதுதான் இது. என் டிரைவரின் அட்டையில் "10பி5, 9054" என்று எழுதியிருக்கும். டிரைவர் கெர்னலிடம் போய்ப் பதிவு செய்துகொள்ளும். கெர்னல் தன் கணக்கெடுப்புப் பட்டியலைப் பார்க்கும். எண் பொருந்தினால், "உன் ஆள் வந்தாச்சு, ஏற்றிக்கொள்" என்று டிரைவருக்குள் இருக்கும் ப்ரோப் என்ற பகுதியைக் கூப்பிடும். டிரைவர் விலகும்போது, "இறக்கி விடு" என்று ரிமூவ் என்ற பகுதியைக் கூப்பிடும்.

மறுநாள் மீட்டிங். கார்டு தெரியவில்லை என்றேன். அண்ணாச்சி ஒரு தாளை நீட்டினார். எல்எஸ்பிசிஐ என்று ஒரு கட்டளை உண்டு. கணக்கெடுப்புப் பட்டியலை அச்சடித்துக் காட்டும். என் பிரிவுப் பையன் ஒருவனைக் கேட்டு எடுத்து வந்திருந்தார். அதில் 10பி5, 9054 இருந்தது.

"சார், கதவைத் தட்டினா குரல் குடுக்குதே" என்றார்.

"பெயர்ப்பலகை மாட்டினா கடை திறந்ததா அர்த்தமா அண்ணாச்சி? கை குலுக்குற சிப் மட்டும் பதில் சொல்லுது. பின்னாடி இருக்கிற உங்க சர்க்யூட்டுக்கு உயிர் இல்ல" என்றேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அவர் விடவில்லை. "இல்ல சார், நீங்க டிரைவரை ஏத்துறப்ப கார்டுல பச்சை லைட்டு ஒரு தடவ கண்ணைச் சிமிட்டுது. நான் பார்த்தேன்."

"பவர் வந்தா எல்லா லைட்டும் சிமிட்டும்" என்று முடித்துவிட்டேன்.

அந்தப் பச்சை லைட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதைப் போடுவதும் அணைப்பதும் என் டிரைவர்தான். ப்ரோப் கூப்பிடப்பட்டால் லைட்டைப் போடும். ரிமூவ் கூப்பிடப்பட்டால் அணைக்கும். வேறு யாரும் அதைத் தொட முடியாது. அவர் சொன்னது டிரைவரை ஏற்றும் நேரத்தை. நான் பதில் சொன்னது மெஷினை ஆன் செய்யும் நேரத்துக்கு. அந்த வரிகளை எழுதிய எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மூன்று வருஷமாக ஓடிய டிரைவர், அதில் எப்படித் தப்பு இருக்கும் என்ற நினைப்புக் காதை அடைத்துவிட்டது. ப்ரோப்புக்குள் "இங்கே வந்தேன்" என்று ஒரு வரி அச்சடிக்கும்படி எழுதிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை. அதையும் செய்யவில்லை.

செய்தது என்ன தெரியுமா? அன்று மாலை ஒரு மெயில் எழுதினேன். புதுக் கார்டின் வடிவமைப்பிலோ சால்டரிங்கிலோ கோளாறு இருக்கிறது, டெலிவரி தள்ளிப்போனால் மென்பொருள் பிரிவு பொறுப்பல்ல என்று. முதலாளியில் தொடங்கிப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பினேன்.

மறுநாளிலிருந்து அண்ணாச்சி காரிடாரில் பார்த்தாலும் என்னைச் 'சார்' என்றார்.

அடுத்த ஆறு நாள் அவர் மூன்று கார்டையும் மேஜையில் போட்டுக்கொண்டு ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தார். ஆசிலோஸ்கோப் வைத்து ஒவ்வொரு சிக்னலாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்கும் பொருளில் தப்புத் தேடுவது மாதிரி ஒரு தண்டனை கிடையாது. கடைசியில், சிப்பின் கால் ஏதாவது சரியாக ஒட்டவில்லையோ என்று சந்தேகப்பட்டு, ஒரு கார்டிலிருந்து அந்த 9054-ஐயே சூடான காற்று ஊதிக் கழற்றினார். 176 கால் உள்ள சிப். கழற்றும்போது அடியில் இருந்த செம்புத் தடம் இரண்டு இடத்தில் உரிந்து வந்துவிட்டது. நல்ல கார்டு. அதோடு அது குப்பை.

கம்பெனியில் ஸ்க்ராப் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. வீணான பொருளையும் அதற்குக் காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "ரிப்பேர் செய்யும்போது சேதம்" என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டார்.

ஏழாவது நாள் காலையில் என் இடத்துக்கு வந்தார். கையில் ஒரு பழைய கார்டு. மூன்று வருஷமாக ஓடிய மாடல்.

"சார், இதை அந்தப் புது மெஷின்ல போட்டுப் பார்க்கலாமா?"

எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் கேவலமாகியிருக்கும். மூன்று மாற்றம் ஒன்றாகச் செய்தால், ஒவ்வொன்றாகப் பின்னால் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. புதுப் பையன்களுக்கு நான்தான் வகுப்பெடுப்பேன்.

போட்டோம். டிரைவரை ஏற்றினேன். "கார்டு காணப்படவில்லை."

மூன்று வருஷமாகக் குறை சொல்லாமல் உழைத்த கார்டு. அதையும் காணப்படவில்லை. பச்சை லைட் ஒரு தடவை சிமிட்டியது. இந்தத் தடவை நானே பார்த்தேன். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. கார்டைக் கழற்றி, துணியில் துடைத்து, உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் அந்த இரண்டு நிமிட வேலையைச் செய்தேன். ப்ரோப்பில் ஒரு வரி, ரிமூவில் ஒரு வரி. புதுக் கார்டை வைத்து டிரைவரை ஏற்றிவிட்டுக் கெர்னலின் குறிப்பேட்டைத் திறந்தேன். மூன்று வரி இருந்தது. ப்ரோப் வந்தது. ரிமூவ் வந்தது. கார்டு காணப்படவில்லை. ஒரு நொடிக்குள் மூன்றும்.

அதாவது, விருந்தாளி ரயிலிலிருந்து இறங்கி, அட்டையைப் பார்த்து, காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் அவரைக் கீழே இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போன் செய்து, "ஆள் வரலீங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

ஏன்? பழைய 2.4 கெர்னலில் டிரைவர் தன்னைப் பதிவு செய்ததும், எத்தனை கார்டு கிடைத்தது என்ற எண்ணிக்கை பதிலாக வரும். ஒன்று வந்தால் ஒரு கார்டு. சைபர் வந்தால் கார்டு இல்லை. அதை நம்பி, "சைபர் வந்தால் கார்டு இல்லை என்று எழுதிவிட்டுப் பதிவை ரத்து செய்" என்று எழுதி வைத்திருந்தேன். 2.6 வரிசையில், நாங்கள் வாங்கி ஏற்றிய பதிப்புக்குள், அந்தப் பழக்கம் மாறிவிட்டது. கெர்னல் எண்ணிக்கை சொல்வதை நிறுத்திவிட்டது. தப்பு நேர்ந்தால் மைனஸ் எண். தப்பு எதுவும் இல்லை என்றால் சைபர்.

கெர்னல் என்னிடம், "குறை ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருக்கிறது. நான் அதை, "ஒருவரும் இல்லை" என்று படித்திருக்கிறேன்.

கெர்னல் மாறும்போது வேறு பல இடங்களில் கம்பைலர் எச்சரிக்கும். இன்டரப்ட் பகுதியின் வடிவம் மாறியபோது எச்சரித்தது, திருத்தினேன். இதற்கு எச்சரிக்கவில்லை. அன்றும் திரும்பி வந்தது ஓர் எண், இன்றும் ஓர் எண். உருவம் மாறினால் இயந்திரம் கண்டுபிடித்துவிடும். அர்த்தம் மட்டும் மாறினால் மனிதன்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். குறிப்பை நான் படிக்கவில்லை.

ஓர் இடத்தில், 'சைபரும் அதற்குக் கீழேயும்' என்று இருந்ததை, 'சைபருக்குக் கீழே' என்று மாற்றினேன். திருத்தியது ஒரே ஒரு குறி. பச்சை லைட் எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

இதுவரை சொன்னது தொழில் கதை. இனிமேல் சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்று மாலை அந்தப் பன்னிரண்டு பேருக்கும் இன்னொரு மெயில் அனுப்பினேன். "கார்டு கண்டறிதல் பிரச்சினை தீர்க்கப்பட்டது. திட்டமிட்டபடி டெலிவரி நடக்கும்." யாருடைய பிரச்சினை, எங்கே இருந்தது, யார் கண்டுபிடிக்க வழி செய்தது என்று ஒரு வார்த்தை இல்லை. முதலாளி பாராட்டிப் பதில் போட்டார். எனக்குத்தான் பாராட்டு. பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் அண்ணாச்சி ரிட்டையர் ஆனார். பிரிவு உபசார விழாவில் நானும் பேசினேன். கடின உழைப்பாளி, பழகுவதற்கு இனியவர் என்று எல்லோரும் சொல்வதையே சொன்னேன். இதைச் சொல்ல வேண்டும் என்று காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைத்திருந்தேன். மைக் கைக்கு வந்ததும் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது.

2013-ல் ஒரு கல்யாணத்துக்காகக் கோவில்பட்டி போனேன். விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சைபரை, பச்சை லைட்டை, அந்த இரண்டாவது மெயிலை.

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "எனக்கு அன்னைக்கே தெரியும். உங்க பிரிவுப் பையன் சாயங்காலமே வந்து சொல்லிட்டான். லைட்டு சிமிட்டுச்சுன்னு நான்தான் சொன்னேம்லா" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கார்டு போனது கூடப் பெருசில்ல. அந்த ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டேன் பாருங்க, 31 வருஷத்துல நான் கழட்டி வீணானது அது ஒண்ணுதான்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் வீட்டம்மா மோர் கொண்டுவந்து, "குடிங்க தம்பி" என்றார்கள். அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தார். பஸ் கிளம்பும்போது, "பார்த்துப் போங்க சார்" என்றார். அந்தத் 'தம்பி' திரும்பி வரவே இல்லை.

பன்னிரண்டு பேர் பார்க்கச் சொன்ன பழியை, யாரும் இல்லாத திண்ணையில் திரும்ப எடுத்துக்கொண்டால் கணக்கு எப்படி நேராகும்? போன வழியிலேயே அல்லவா அது திரும்பி வர வேண்டும்? இது புரிய எனக்கு இன்னும் இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. பேரன் ஒரு பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்திருக்கிறது.

அந்தப் பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை. நாலைந்து பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று தெரியும். பின்னூட்டத்தில் வணக்கம் சொல்கிறவர்கள்தான். அவர்கள் மற்றவர்களுக்கும் அனுப்பி வைக்கட்டும். 2005-ல் நான் எழுதிய மெயிலுக்கு இது திருத்தம்:

மூன்று கார்டும் நன்றாகத்தான் இருந்தன. வடிவமைப்பிலும் சால்டரிங்கிலும் எந்தக் கோளாறும் இல்லை. தவறு என் டிரைவரில். கோளாறு கார்டில் இல்லை என்று காட்டும் வழியைக் கண்டுபிடித்தவர் அண்ணாச்சி. ஸ்க்ராப் ரிஜிஸ்டரில் அந்தக் கார்டுக்கு எதிரே இருக்க வேண்டிய கையெழுத்து என்னுடையது.

அண்ணாச்சிக்கு இப்போது 77 வயது. கண் சரியாகத் தெரிவதில்லையாம். இதை அவருக்குப் படித்துக் காட்டும்படி அவர் மகனிடம் போனில் சொல்லியிருக்கிறேன்.